ஹோம் விசிட்

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க பிள்ளைய நீங்க ஒழுங்கா வளக்கிறீங்களா?" என்று கேட்பதற்கு மாதச் சம்பளம் தருகிற உத்தியோகம் ஒன்று உண்டு; புதுச்சேரியில் அதைப் பார்க்கிற சில பேரில் நானும் ஒருத்தி.

குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணியாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். புகார் வந்தால் போய்ப் பார்க்க வேண்டும், வீட்டாரிடம் பேச வேண்டும், கஷ்டப்படுகிற குடும்பமாக இருந்தால் என்ன உதவி கிடைக்கும் என்று தேட வேண்டும், அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு, பிள்ளை பெற்றவர்களிடமே இருக்கலாமா, குழந்தைகள் இல்லத்துக்குப் போக வேண்டுமா என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு சொல்லும். சொல்லும்போது நல்ல வேலையாகத்தான் தெரிகிறது. நானும் அப்படி நம்பித்தான் ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

மீட்டர் பார்க்கப் போகிறவர்களே, கணக்கெடுப்புக்கு அலைகிற டீச்சர்களே, சொட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற தங்கச்சிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே டிவி சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். நாம் தட்டியதும் நின்றுவிடும். அப்போது வாசலில் நின்றுகொண்டு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கூச்சம் வரும் பாருங்கள், எனக்கு அது காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரைக்கும் போவதில்லை.

பூச்சாண்டிக்குப் பதிலாக

முதலியார்பேட்டையில் ஒரு சந்து. வேறு யார் வீட்டையோ தேடிக்கொண்டு போனேன். ஒரு வாசற்படியில் இளவயசு அம்மா ஒருத்தி மூணு வயசுப் பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாயில் ஒரு உருண்டையை வைத்துக்கொண்டு முழுங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான். கன்னம் உப்பி அழகாக இருந்தான். நான் சிரித்தேன். அவள் என் கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பார்த்துவிட்டு, "முழுங்குடா, அதோ பாரு, புள்ள புடிக்கிற மேடம் வந்துட்டாங்க" என்றாள். பையன் மெல்லக்கூட இல்லை, அப்படியே முழுங்கினான்.

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் போய், நாங்கள் பிள்ளை பிடிக்கிறவர்கள் இல்லை, பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவர்கள், இப்படி எங்களைக் காட்டிப் பயமுறுத்தினால் நாளைக்கு உண்மையிலேயே ஒரு கஷ்டம் வந்தால் இவன் யாரிடம் போய்ச் சொல்வான் என்று நீளமாகப் பேசினேன். அவள் எழுந்து நின்று கேட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் பேசி முடிப்பதற்குள் பையன் தட்டையே காலி பண்ணியிருந்தான். கிளம்பும்போது அவள் சொன்னாள்: "கோச்சிக்காதீங்க மேடம், பூச்சாண்டிக்கெல்லாம் இதுங்க இப்ப பயப்படறதில்ல. உங்கள சொன்னாதான் நாலு வாய் எறங்குது."

எந்த மேடம்?

நான் குடியிருப்பது ரெட்டியார்பாளையத்தில். எங்கள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி மகாலட்சுமி என்று ஒரு அம்மா. புருஷன் லோடு ஏற்றும்போது வண்டியிலிருந்து விழுந்து, இடுப்பு போய், படுத்த படுக்கை. பெரிய பெண் பள்ளிக்கூடம் போகாமல் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்று தகவல் வந்து போனேன். வீடு பளபளவென்று இருந்தது. கட்டிலில் புது விரிப்பு, மேஜைமேல் மிக்சி, தட்டில் ஆப்பிள். அரிசி டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு விதி. திறந்தேன், நிறைய இருந்தது. சந்தோஷமாக அறிக்கை எழுதினேன். அந்த அறிக்கையாலேயே அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போனது. மிக்சியிலிருந்து ஆப்பிள் வரைக்கும் எல்லாம் பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த தடவை போனபோது வீட்டில் ஒன்றுமே இல்லை. டிவிமேல் பழைய புடவை போர்த்தியிருந்தது, அரிசி டப்பாவில் அடியில் ஒரு பிடி. என் கையே கூசியது. மூடி வைத்துவிட்டுத் திரும்பினால், மகாலட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பள்ளிக்கூடப் பரீட்சைக்குக் கேள்வி கேட்கிற மாதிரி, மரியாதையாகத்தான் கேட்டார்: "நீங்க உதவி குடுக்கற மேடமா, புள்ளைய எடுத்துனு போற மேடமா? அத மட்டும் மொதல்ல சொல்லிடுங்க, அதுக்கேத்த மாதிரி வீட்ட வச்சிக்கறேன்."

போர்வைக்குள் பதில்

எங்கள் ஊரில் சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர். முதலியார்பேட்டையில் அப்படி ஒரு சொல்தா எனக்கு போன் செய்தார். "பக்கத்து வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைங்கள உள்ள வச்சி வெளியில பூட்டிட்டு அம்மாக்காரி வேலைக்குப் போயிடுது மதாம். கேஸ் அடுப்பு இருக்கிற வீடு. ஏதாவது ஆச்சின்னா?" அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அந்த அம்மாக்காரி பெயர் ஸ்டெல்லா. புருஷன் கட்டட வேலைக்கென்று கேரளாவுக்குப் போனவர், அதற்கப்புறம் பேச்சுமூச்சு இல்லை. ஸ்டெல்லாவுக்கு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, ஆறு மணி ஷிப்ட். கம்பெனி பஸ் இருட்டோடு வந்துவிடும். மூத்தது ஜெனிபர், ஏழு வயசு. சின்னது அருள், நாலு வயசு. எதிர்வீட்டில் பூ கட்டுகிற அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு எட்டரை மணிக்கு மேல் வந்து பூட்டைத் திறந்து, ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கும் ஒன்றை பால்வாடிக்கும் அனுப்பிவிடும். அதுவரைக்கும் ரெண்டும் உள்ளேதான்.

நான் ஏழு மணிக்குப் போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஜெனிபர் தம்பிக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தாள். சாமி படத்துக்குக் கீழே ரெண்டு தட்டில் இட்லி மூடி வைத்திருந்தது. "அம்மா எங்கம்மா?" என்று கேட்டேன். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், என் அட்டையைப் பார்த்தாள். பிறகு தம்பியை இழுத்துப் பாயில் படுக்க வைத்து, தானும் படுத்து, ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது: "அம்மா இல்ல, யாரும் முழிச்சிக்கல மேடம். நாங்க தூங்கறோம்."

ஒன்பது மணிக்கு மேல்

இந்த மாதிரி புகாரை லேசாக விட முடியாது. நாளைக்கு உள்ளே தீ பிடித்தால் நான் என்ன பதில் சொல்வேன்? பூட்டுகிற வழக்கம் நிற்கவில்லை என்றால் குழு ரெண்டு பிள்ளைகளையும் இல்லத்துக்கு அனுப்பிவிடலாம். அதைத் தவிர்க்க ஒரே வழி, காலையில் அந்த ரெண்டு மூன்று மணி நேரத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம். அதைத் தேடிப் புறப்பட்டேன்.

பள்ளிக்கூடத்தில் கேட்டேன், கேட் திறப்பதே எட்டரைக்கு என்றார்கள். கம்பெனியில் கேட்டேன், செக்யூரிட்டியைத் தாண்ட முடியவில்லை. குழந்தைக் காப்பகம் நடத்துகிற ஒரு இடத்தில் கேட்டேன், உத்தியோகம் பார்க்கிற அம்மாக்களுக்காகவே நடத்துகிறோம் என்று பெருமையாகச் சொன்னார்கள், ஒன்பதரைக்குத் திறப்பார்களாம். எங்கள் அலுவலகத்தில் கேட்டேன், நல்ல பாயின்ட், மீட்டிங்கில் வையுங்கள் என்றார்கள். வைத்தேன். மீட்டிங் பத்தரை மணிக்கு, டீ வடையோடு நடந்தது.

கடைசியாக அருள் போகிற பால்வாடி டீச்சரிடம் போனேன். காலையில் சீக்கிரம் திறக்க முடியுமா என்று கேட்பதற்கே எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவரும் வில்லியனூரிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவர். அவர் கோபப்படவில்லை. அருளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டபடியே சொன்னார்: "ஒம்போது மணிக்கு மேல அழற புள்ளைக்குத்தான் மேடம் கவர்மெண்ட்ல ஆள் போட்டிருக்கு."

தரமான நேரம்

வழி கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வோம்? அறிவுரை சொல்வோம். அதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டெல்லா மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகு, அவள் வீட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். பிள்ளைகளோடு தினமும் கொஞ்சம் தரமான நேரம் செலவிட வேண்டும், அவர்கள் மனசு விட்டுப் பேச இடம் கொடுக்க வேண்டும், அது இது என்று. அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தலை ஆடுவது நின்றுவிட்டது. பார்த்தால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். ஜெனிபர் அவள் முழங்காலைத் தட்டி, "அம்மா, மேடம் பேசறாங்க" என்றாள். நான் பாட்டுக்கு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. வெளியில் பூட்டுவது சட்டப்படி குற்றம், குழு பிள்ளைகளை எடுத்துவிடும் என்று அதையும் சொல்லி முடித்தேன்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. என் பெண் மது. பதினோரு வயசு. வீட்டுக்காரர் சென்னையில் வேலை என்பதால் ஞாயிற்றுக்கிழமையிலும் நான் இப்படிக் கிளம்பினால் அவள் தனியாகத்தான் இருப்பாள். நூடுல்ஸ் செய்து சாப்பிட்டுவிட்டேன், அடுப்பை அணைத்துவிட்டேன் என்றாள். "சரி, உள்தாப்பா போட்டுக்கோ. யார் வந்து தட்டினாலும் திறக்காத" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. என் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஸ்டெல்லா குத்திக்காட்டுகிற ஜாதி இல்லை. ஆறுதலாகவே சொன்னாள்: "உங்களது உள்தாப்பா மேடம், எங்களது வெளித்தாப்பா. அருளு சின்னவன், உள்ள போட்டா தொறந்துகினு ரோட்டுக்கு ஓடிடுவான், அவ்ளோதான்."

சீக்கிரம் முடிஞ்சிடும்

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து ஸ்டெல்லாவுக்காக நிஜமாகவே ஓட ஆரம்பித்தேன். தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு மாதாமாதம் ஒரு உதவித்தொகை உண்டு. அது வந்தால் ஸ்டெல்லா ஷிப்டை விட்டுவிட்டு, சம்பளம் குறைவாக இருந்தாலும் பகல் வேலைக்கு மாறிக்கொள்ளலாம். பூட்ட வேண்டிய அவசியமே இருக்காது. அதிகாரியைத் தொல்லை பண்ணி, விண்ணப்பத்தை முன்னுக்குக் கொண்டுவந்தேன். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பிள்ளைகளோடு ஒரு படம் எடுக்க வேண்டும். எங்கள் பாஷையில் அதற்கு ஹோம் விசிட் என்று பெயர்.

சாயங்காலம் போன் போட்டேன். எனக்கு ஒரே உற்சாகம். "ஸ்டெல்லா, புதன்கிழமை ஹோம் விசிட். பிள்ளைங்கள ரெடியா வச்சிடு. நல்ல துணியா போட்டு விடு. ரெண்டு பேரு ஆதார் கார்டையும் எடுத்து வை" என்றேன். "நானும் கூட இருக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். இதென்ன கேள்வி என்று நினைத்து, "இருக்கணும்னு இல்ல, இருந்தா நல்லது. பயப்படாத, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றேன். "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமை போனால் வீடு பூட்டியிருந்தது. வழக்கமான பூட்டு இல்லை, வீட்டுச் சொந்தக்காரர் போட்ட பூட்டு. ஜன்னலில் பார்த்தேன், பாய் இல்லை, அடுப்பு இல்லை, சாமி படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகச் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டாளாம். ஜெனிபர் பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை. என்ன நடந்தது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. உதவி வருகிற நேரத்தில் ஒரு மனுஷி ஏன் ஓட வேண்டும்? பூ கட்டுகிற அம்மா என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். சொல்தாதான் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நாயைக் கையில் பிடித்திருந்தார். அவர் முகமும் செத்துப்போய்த்தான் இருந்தது. "நான் பூட்டத் திறக்கத்தான் சொன்னேன் மதாம்," என்றார், "வீட்டக் காலி பண்ணச் சொல்லல."

தண்ணி டிரம்முக்குப் பின்னால்

கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்று, அதே சீருடை போட்ட பெண்களிடம் விசாரித்தேன். "எந்த ஸ்டெல்லா?" என்றார்கள். தினமும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவர்கள். ரெண்டு பச்சைப் பிள்ளைகள், தகப்பன் இல்லை, இப்போது வீடும் இல்லை, எல்லாம் நான் போட்ட ஒரு போனால் என்று நினைத்துக்கொண்டே மறுநாளும் அதே இடத்தில் போய் நின்றேன். ஒரு வாரம் கழித்து ஜெனிபர் படித்த பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். டி.சி. வாங்க ஸ்டெல்லா வந்தாளாம், பெண்ணை சேதராப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறாளாம்.

அங்கே விசாரித்துக் கண்டுபிடித்தது, லைன் வீட்டில் ஒரு போர்ஷன். நான் வாசலில் நின்றதும் அருள் ஓடிப்போய்த் தண்ணி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். ஜெனிபர் அவனுக்கு முன்னால் போய் நின்றாள். ஸ்டெல்லா கும்பிட்டாள். "ஓடணும்னு ஓடல மேடம். நீங்கதான ஹோம் விசிட்னு சொன்னீங்க. ஹோமுக்கு விசிட் கூட்டினு போயி அப்பிடியே விட்டுட்டு வந்துடுவீங்கன்னு நெனச்சேன். நல்ல துணி போட்டு விடுன்னு வேற சொன்னீங்க." எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊரில் ஹோம் என்றால் இல்லம், பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற இடம், அது ஒன்றுதான் அர்த்தம். வருஷக்கணக்காக இந்த வேலையைப் பார்க்கிற நான், வீட்டுக்கு வரேன் என்று தமிழில் சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

அந்த வீட்டில் ஸ்டெல்லா தனியாக இல்லை. அதே கம்பெனியில் வேலை பார்க்கிற இன்னும் ரெண்டு பெண்கள், அவர்களுடைய மூன்று பிள்ளைகள். அவர்களும் அதுவரைக்கும் பூட்டிவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தார்களாம், யாரும் புகார் சொல்லாததால் எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது மூன்று பேரும் ஷிப்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, எந்த நேரமும் ஒருத்தி வீட்டில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டார்கள். கம்பெனிக்கு நடந்து போகிற தூரம். நான் அரசாங்கம் முழுக்கத் தேடிக் கிடைக்காத ஏற்பாட்டை, எனக்குப் பயந்து ஓடி வந்த அவசரத்தில் அவர்களாகவே செய்துகொண்டார்கள். நான் எதுவும் கேட்காமலே ஸ்டெல்லா கதவைக் காட்டினாள்: "வந்த அன்னையிலேர்ந்து இந்த வீட்ட ஒரு நாளும் பூட்டல மேடம். பூட்டே வாங்கல, வேணும்னா உள்ள வந்து தேடிப் பாருங்க."

நல்ல மாடல்

நடந்தது எல்லாவற்றையும் எங்கள் அதிகாரியிடம் ஒளிக்காமல் சொன்னேன், என் போன் உட்பட. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று அம்மாக்கள், ஐந்து பிள்ளைகள், சமூகமே குழந்தைகளைப் பாதுகாக்கிறது, அருமையான மாடல் மேடம், மற்ற இடங்களிலும் செய்யலாம் என்றார். படம் எடுத்தீர்களா என்றும் கேட்டார்.

இந்த ஏற்பாட்டில் நமக்குப் பங்கு இல்லையே சார், அவர்கள் நம்மிடமிருந்து தப்பிக்கச் செய்தது என்று சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, இந்த நாற்காலியில் அதிக நாள் உட்கார்ந்தவர், அவ்வளவுதான். குழு எப்படிப் படிக்கும் என்பது அவருக்குத் தெரியும். நான் அவர் சொன்னபடியே எழுதினேன். எழுதும்போது என் கையைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "நாமதான் ஏற்பாடு பண்ணோம்னு எழுதுங்க மேடம். இல்லன்னா அந்தம்மா புள்ளைங்கள தூக்கிட்டுத் தலைமறைவாயிட்டாங்கன்னு எழுதணும், எது வேணும் உங்களுக்கு?"

கட்டைப்பை

குழு முன்னால் ஸ்டெல்லா பிள்ளைகளோடு வந்தாள். கம்பெனியில் லீவு போட்டிருந்தாள். அருளை இடுப்பில் வைத்திருந்தாள், நாலு வயசுப் பிள்ளை, கால் அவள் முழங்கால் வரைக்கும் தொங்கியது, கீழே இறக்கவே இல்லை. இன்னொரு கையில் துணிக்கடைக் கட்டைப்பை. பெஞ்சில் உட்காரும்போது அதற்குள் இருந்தது தெரிந்தது. மடித்த துணிகள், ரெண்டு துண்டு, ஒரு எவர்சில்வர் டம்ளர், அருள் தலைக்கு வைத்துக்கொள்கிற குட்டித் தலையணை. எதற்கு இதெல்லாம் என்று கேட்கப் போய் நிறுத்திக்கொண்டேன். பிள்ளைகளை எடுத்துக்கொள்வதென்று முடிவானால் கையோடு கொடுத்தனுப்பத் தயாராக வந்திருக்கிறாள். நல்ல செய்திதான் வரும் என்று எனக்குத் தெரியும், அவளிடமும் சொல்லியிருந்தேன். நான் சொன்னதை அவள் நம்பவில்லை. எதை வைத்து நம்புவாள்?

குழு அதிகம் கேட்கவில்லை. அறிக்கையைப் பார்த்தார்கள், ஜெனிபரிடம் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். பிள்ளைகள் அம்மாவிடமே இருக்கலாம், விசாரணை முடிந்தது என்றார்கள். உதவித்தொகை வரும், ஆனால் விலாசம் மாறிவிட்டதால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். ஸ்டெல்லா எழுந்திருக்கவே இல்லை. நான் குனிந்து, "முடிஞ்சிடுச்சும்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வாசல் வரைக்கும் கூடப் போனேன். வெயில் சுள்ளென்று அடித்தது. ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்றேன், வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்றாள். அப்போதுதான் அருளைக் கீழே இறக்கிவிட்டாள். அவன் உடனே அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். ஸ்டெல்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தாள், கை சில்லென்று இருந்தது. ஏதாவது நல்லதாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். நல்லதாகத்தான் சொன்னாள், பணிவாகத்தான் கேட்டாள்: "ரொம்ப தேங்க்ஸ் மேடம். இனிமே நீங்க எங்க வீட்டுக்கு வர வேணாம், இல்ல?"

ஊரில் எந்தக் கடைக்காரரும் எந்த டாக்டரும் வாடிக்கையாளர் மறுபடி வந்தால்தான் பிழைப்பு என்பார்கள், தயவுசெய்து இனிமேல் எங்கள் வாசலுக்கு வராதீர்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினால் வேலை உருப்படியாக முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய உத்தியோகம் எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான்.